பணியிடத்தில் தீ: முதலில் சிலிண்டரா, வாசலா?

வாசற்படி:
ஒரு கேள்விக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். பணியிடத்தில் தீப்பிடித்தால் சாதாரண ஊழியர் தீயணைப்பான் சிலிண்டரை எடுக்க வேண்டுமா, அலாரத்தை அடித்துவிட்டு நேரே வெளியேற வேண்டுமா? பெரும்பாலான அவசரகாலத் திட்டங்களில் இரண்டுமே எழுதியிருக்கும். எது முதலில் என்று மட்டும் இருக்காது. புகை வரும்போது உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரம் இல்லை.

என் கருத்து: அலாரம் முதலில், வெளியேற்றம் அடுத்து, சிலிண்டர் கடைசியில். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள். எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள், குழாயைத் திறந்தார்கள், அதில் நீர் வரவில்லை. பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. நெருப்பே வந்துதான் அவர்களுக்குத் தகவல் சொன்னது, அங்கே ஒரு கதவும் பூட்டியிருந்தது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஒன்பதாம் மாடிக்காரர்கள்.

தணல்:
அலாரம் முதலில் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சிலிண்டரைக் கடைசிக்குத் தள்ளுவதை ஏற்க முடியவில்லை. குப்பைக்கூடை அளவில் இருக்கும் தீயை முதல் அரை நிமிடத்தில் அணைக்கலாம். அதை விட்டுவிட்டு எல்லோரும் இறங்கினால், தீயணைப்பு வண்டி வருவதற்குள் அந்த அறை முழுக்கப் பற்றிவிடும்.

அதனால் "எடுக்கலாமா கூடாதா" என்பதை விட "எப்போது எடுக்கலாம்" என்று பயிற்சி கொடுப்பதே சரி. அலாரம் அடித்தாகிவிட்டது, தீ இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை, என்ன எரிகிறது என்று தெரியும், அதற்கேற்ற சிலிண்டர் கையில் இருக்கிறது, வெளியேறும் கதவு என் முதுகுப்பக்கம் இருக்கிறது. இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் சிலிண்டரைத் தொடாமல் வெளியே போக வேண்டும்.

பயன்படுத்தும் முறை: பின்னை உருவு, தீயின் அடியைக் குறிவை, பிடியை அழுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசு. அழுத்திக்கொண்டே பின்னை இழுத்தால் பின் வராது. பதற்றத்தில் இருப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். இரண்டாவது தவறு, கண்ணுக்குத் தெரியும் சுடர் நுனியில் அடிப்பது. எரிவது அடியில் இருக்கும் பொருள், மருந்து அங்கே படவேண்டும்.

வாசற்படி:
ஐந்து நிபந்தனைகளும் சரி. ஆறாவது ஒன்று சேருங்கள்: புகை தலைக்கு மேல் கூரையை ஒட்டி மட்டும் இருக்க வேண்டும். புகைப்படலம் முகமட்டத்துக்கு இறங்கிவிட்டால் தீ எவ்வளவு சிறிதாக இருந்தாலும் போராட்டம் முடிந்தது. தீ விபத்துகளில் பலரைக் கொல்வது சுடர் இல்லை, புகைதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இருக்கை நுரை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேரும். மயக்கம் வருவதற்கு முன்பே புத்தி தடுமாறும். தெரிந்த கதவையே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

நேரத்தையும் ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டும். 6 கிலோ பவுடர் சிலிண்டர் ஏறத்தாழ 15 முதல் 20 நொடி ஓடும். 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் 10 நொடிக்குள் காலி. நிமிடக்கணக்கில் ஓடும் என்று நம்பிக்கொண்டு கிட்டே போகிறவர் நடுவில் மாட்டிக்கொள்வார். ஒரு சிலிண்டர் தீர்ந்தும் தீ அணையவில்லை என்றால் இரண்டாவதைத் தேடி ஓடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள்.

மின்னோட்டம்:
எந்தத் தீக்கு எந்த சிலிண்டர் என்பதில்தான் அலுவலகங்களில் குழப்பம் அதிகம். மின்பலகை, யூபிஎஸ், சர்வர் அறைப் பக்கம் என்று எழுதுகிறேன்.

மின்சாரத் தீ என்றால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. மின்சாரம் நின்றபின் அது சாதாரணமாக எரியும் பிளாஸ்டிக்தான். அணைக்க முடியாத நிலையில் கார்பன் டை ஆக்சைடு. பவுடரும் மின்சாரம் கடத்தாது, தீயையும் அணைக்கும். ஆனால் பலவகைத் தீக்கும் பொதுவான ஏபிசி பவுடரில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். ஈரம் பட்டால் அது உலோகத்தை அரிக்கும். ஒரு சர்க்யூட் போர்டு எரிந்து நின்றிருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து ரேக்குகளும் போகும். அதற்காக, பவுடர் மட்டுமே கையில் இருக்கும்போது தயங்காதீர்கள். கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் கவனிக்க வேண்டியவை. அதன் கொம்பை, அதாவது வாயு வெளிவரும் கூம்பு முனையை, கையால் பிடிக்கக் கூடாது. வெளியேறும்போது உருவாகும் பனி மைனஸ் 78 டிகிரி செல்சியஸ், தோல் ஒட்டிக்கொண்டு உரியும். உறைபனி ஒட்டாத கொம்பு உள்ள மாடல்கள் உண்டு, இல்லாவிட்டால் பிடியை மட்டுமே பிடியுங்கள். அது தீயைக் குளிர்விக்காது, காற்றைத்தான் விலக்கும். சூடான செம்புப் பட்டை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். வாயு கலைந்ததும் மறுபடி பற்றும். அணைத்தபின் உடனே முதுகைக் காட்டித் திரும்பாதீர்கள், பார்த்தபடியே பின்வாங்குங்கள். சிறிய அடைந்த அறையில் அடித்தால் அணைத்தவருக்கே மூச்சு முட்டும்.

நீர்க்குழாய்:
மின்னோட்டம் சொன்னதோடு ஒன்று: கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அழுத்தமானி இருக்காது. உள்ளே திரவமும் வாயுவுமாக இருப்பதால் திரவம் மிச்சம் உள்ளவரை அழுத்தம் மாறாது, முள் எதையும் காட்டாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். மருந்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்ப அனுப்புங்கள். மாதாந்தரச் சோதனை அட்டையில் எல்லா சிலிண்டருக்கும் "பச்சையில் உள்ளது" என்று எழுதியிருந்தால், சிலிண்டரைப் பார்க்காமலே அந்த அட்டையை நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

பவுடர் சிலிண்டரில் முள் பச்சையில் இருப்பது மட்டும் போதாது. அதிரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் பவுடர் அடியில் இறுகிப்போகும். அழுத்தினால் வாயு மட்டும் புஸ்ஸென்று வெளியேறும். ஹோஸ் முனையில் பூச்சி கூடு கட்டியிருப்பதும் அடிக்கடி காணும் குறை. பின், சீல், ஹோஸ், உடலில் துரு, கடைசியாக நிரப்பிய தேதி, எதிரே தடங்கல் இல்லாத இடம் இவை ஆறையும் பார்த்தால் ஒரு சிலிண்டருக்கு ஒரு நிமிடம் ஆகும். ஒரு நிமிடம்தான்.

மாட்டும் உயரம்: 18 கிலோவுக்குள் உள்ளவற்றின் தலைப்பகுதி தரையிலிருந்து 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ 10. காகிதம், மரம், துணி உள்ள இடத்தில் எங்கே நின்றாலும் 23 மீட்டர் நடைக்குள் ஒன்று கிடைக்க வேண்டும். எரியும் திரவங்கள் உள்ள இடத்தில் தூரம் இன்னும் குறைவு. நாட்டுக்கு நாடு விதி மாறும், உங்கள் ஊர் விதியே இறுதி.

சாளரம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஸ்பிரிங்க்ளர் இருக்கும் கட்டடத்தில் இத்தனை சிலிண்டர் தேவையா? ஒரு மூலையில் தீ என்றால் மாடி முழுக்கத் தண்ணீர் கொட்டிவிடுமே, அதற்குப் பயந்து சிலர் வால்வை மூடி வைக்கிறார்களாம்?

நீர்க்குழாய்:
அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை, சாளரம். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளர் தலையும் தனித்தனியாகத்தான் திறக்கும். கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் திரவம் சூடாகி விரிந்து, குமிழ் உடைந்தால் அந்தத் தலை மட்டும் நீரை விடும். சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸ், மஞ்சள் 79, பச்சை 93. பல தீக்களை ஒன்றிரண்டு தலைகளே கட்டுப்படுத்திவிடும். புகை பட்டாலோ பக்கத்து மாடியில் அலாரம் அடித்தாலோ அது திறக்காது.

ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யாமல் போவதற்கு முதன்மைக் காரணம் நீங்கள் சொன்னதேதான்: யாரோ வால்வை மூடிவிட்டு மறந்துவிடுவது. பழுதுபார்க்க மூடினால் யார் மூடினார், எப்போது திறப்பார் என்ற சீட்டு வால்விலேயே தொங்க வேண்டும். திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்ட வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு நிலையைக் காட்டும் சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது.

மற்ற தவறுகள்: கிடங்கில் பெட்டிகளைக் கூரைவரை அடுக்குவது. தலையின் தகட்டுக்குக் கீழே குறைந்தது 45 சென்டிமீட்டர் வெற்றிடம் வேண்டும், இல்லாவிட்டால் நீர் குடைபோல விரியாது. அறைக்கு வண்ணம் அடிக்கும்போது குமிழின்மேலும் அடிப்பது இன்னொன்று. வண்ணம் பட்ட தலையைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பஞ்சுப்பொதி:
இதுவரை பேச்சு அலுவலகத்தைச் சுற்றியே ஓடுகிறது. ஆலைப்பக்கம் வாருங்கள்.

பஞ்சு, துணி, காகிதப் பொதிகளில் தீ உள்ளே புகைந்துகொண்டே போகும். மேலே பவுடர் அடித்தால் சுடர் மறையும், அணைந்துவிட்டதாகத் தோன்றும். உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். பொதியைத் திறந்தவெளிக்கு இழுத்துப்போய்ப் பிரித்து, நீர் உள்ளே இறங்கும்படி நனைக்க வேண்டும். அழுத்திக் கட்டிய பொதிக்குள் கங்கு நாள்கணக்கில் கிடந்து திரும்பக் கிளம்பும். ஒரு முறை தீப்பட்ட பொதியை அதே நாளில் கிடங்குக்குள் திருப்பி வைக்காதீர்கள்.

தூசும் அப்படித்தான், ஆனால் வேகம் வேறு. சர்க்கரை, மாவு, மரத்தூள், அலுமினியத் தூள் எதுவாக இருந்தாலும் உத்தரத்தின்மேல் படிந்திருப்பதுதான் ஆபத்து. முதல் சிறு வெடிப்பு அந்தப் படிவை உதறிக் காற்றில் கலக்கும், இரண்டாவது வெடிப்புதான் கட்டடத்தை எடுக்கும். 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலையில் 14 பேர் இறந்தது சர்க்கரைத் தூசால். அழுத்தக் காற்றால் ஊதித் துடைப்பது ஆபத்தையே உண்டாக்கும் வேலை. தீப்பொறி தெறிக்காத வகை உறிஞ்சுகருவியால் எடுங்கள். தூசு படிந்த இடத்தில் சிறு தீயைக் கண்டால் சிலிண்டரின் வேகமான பீச்சல்கூடத் தூசைக் கிளப்பும். மென்மையாகத் தெளிக்கும் நீரே அங்கே சரி. அலுமினியம் போன்ற உலோகத் தூளுக்கு மட்டும் நீர் கூடவே கூடாது, அதற்கென்று உள்ள உலர் மருந்துதான்.

வெல்டிங். ஆலைத் தீக்களைப் பற்றிப் பேசும்போது இதை விட முடியாது. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி 11 மீட்டருக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, நகர்த்த முடியாததைத் தீத்தடுப்புப் போர்வையால் மூட வேண்டும். தரையில் உள்ள ஓட்டைகளையும் சுவரின் மறுபக்கத்தையும் பார்க்க ஆள் வேண்டும், பொறி கீழ்த்தளத்தில் போய் விழுந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது. வேலை முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் காவல். வெல்டிங்குக்கான அனுமதிச் சீட்டை (பெர்மிட்) அதற்கு முன் மூடாதீர்கள். வெல்டிங்குக்காகப் புகை டிடெக்டரை நிறுத்தியிருந்தாலோ மூடியிட்டிருந்தாலோ, திரும்ப இயக்கியதற்குக் கையெழுத்து வாங்காமல் பெர்மிட்டை மூடுவது பெரிய தப்பு. மூடி மாட்டியபடியே மாதக்கணக்கில் கிடக்கும் டிடெக்டர்கள் எத்தனையோ.

தணல்:
பஞ்சுப்பொதி, பூட்டிய கதவு பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும். ஆலைகளில் திருட்டுக்குப் பயந்து பூட்டுவதுதான் அதிகம்.

பஞ்சுப்பொதி:
ஆம். 1991-இல் வட கரோலினாவின் ஹேம்லெட் நகரில் கோழி பதப்படுத்தும் ஆலையில் 25 பேர் இறந்தார்கள். கொதிக்கும் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஹைட்ராலிக் குழாய் கழன்று எண்ணெய் பீச்சியது, தீப்பிடித்தது. கதவுகள் பூட்டியிருந்தன. 1911-க்கும் 1991-க்கும் எண்பது ஆண்டு இடைவெளி, அதே பூட்டு.

பாதுகாப்பையும் திருட்டுத் தடுப்பையும் சேர்த்தே செய்ய வழி இருக்கிறது. கதவில் பேனிக் பார் போடுங்கள்: உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. தள்ளியதும் சத்தம் போடும் அலாரத்தை அதில் பொருத்தினால் யாரும் திருட்டுத்தனமாகப் போக முடியாது. 50 பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே இழுக்கும் கதவின்மேல் கூட்டம் அழுத்தினால் அது திறக்கவே திறக்காது. மின்காந்தப் பூட்டு என்றால் மின்சாரம் போனாலும் அலாரம் அடித்தாலும் தானாகவே விட வேண்டும். அதை மாதம் ஒரு முறை மின்சாரத்தை உண்மையிலேயே துண்டித்துச் சோதியுங்கள்.

"சாவி கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது" என்பதை நான் வெளியேறும் வழியாகக் கணக்கில் எடுக்க மாட்டேன். இருட்டில், இருமலில், பின்னாலிருந்து தள்ளும் கூட்டத்தில் சாவித்துளையைத் தேட முடியாது.

வாசற்படி:
கதவு பற்றிப் பேசும்போது எதிர்வகைக் கதவும் உண்டு: மூடியே இருக்க வேண்டியது. மாடிப்படிக்கு வரும் தீத்தடுப்புக் கதவை ஆப்பு வைத்தோ பூந்தொட்டி வைத்தோ திறந்து வைத்தால் படிக்கட்டு முழுவதும் புகைபோக்கி ஆகிவிடும். திறந்தே வேண்டுமானால் அலாரம் அடித்ததும் விட்டுவிடும் காந்தப்பிடி போடுங்கள். நீர்க்குழாய், ஒரு கேள்வி: ஹோஸ் ரீலைப் படிக்கட்டுக் கதவு வழியாக இழுத்தால் கதவு மூடாதே?

நீர்க்குழாய்:
மூடாது, புகை படியில் ஏறும். அதனால்தான் மக்கள் இறங்கி முடியும்வரை அந்தக் கதவு வழியாக ஹோஸை இழுக்கக் கூடாது. இன்னொன்று, ஹோஸ் ரீலில் வால்வைத் திறந்து, முனையில் நீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தீயை நோக்கி நடக்க வேண்டும். ரப்பர் ரீலைப் பாதி இழுத்தாலும் நீர் வரும். தட்டையான கேன்வாஸ் ஹோஸை முழுக்க விரித்த பிறகே திறக்க வேண்டும், மடிப்பில் நீர் நின்றுவிடும்.

சாளரம்:
சக்கர நாற்காலியில் வேலை செய்கிறவர் நான்காம் மாடியில் இருந்தால்? தீயின்போது லிஃப்ட் கூடாது என்பார்கள். "தீயணைப்புத் துறை வந்து இறக்கும்" என்று திட்டத்தில் எழுதினால் போதுமா?

வாசற்படி:
போதாது. அந்த வரி இருந்தால் அது திட்டமே இல்லை. அந்த ஒருவருக்கென்று தனித் திட்டம் எழுத வேண்டும், அதையும் அவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். தீத்தடுப்புக் கதவுக்கு உட்பட்ட படிக்கட்டு மேடையில் அவர் காத்திருக்கும் இடம், அங்கிருந்து பேசக் கருவி, இறக்கும் நாற்காலி, அதை ஓட்டப் பழகிய இருவர், அவர்கள் விடுப்பில் இருந்தால் மாற்று இருவர். நாற்காலியைச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு முறைகூட ஆள் ஏற்றி இறக்காமல் இருந்தால் அவசரத்தில் அதை விரிக்கவே தெரியாது. காது கேளாதவருக்கு மின்னும் விளக்கு, கழிவறைக்குள்ளும் வேண்டும். கால் முறிந்து ஊன்றுகோலில் வருபவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோருக்கும் தற்காலிகமாக இதே ஏற்பாடு.

மின்னோட்டம்:
லித்தியம் பேட்டரி பற்றி யாரும் எழுதவில்லை. மின்சைக்கிள், ஸ்கூட்டர் பேட்டரிகளை அலுவலக நடைபாதையிலும் படிக்கட்டின் அடியிலும் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். பேட்டரி உள்ளுக்குள் சூடேறித் தன்னைத்தானே தூண்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டால் சிலிண்டர் சுடரைத்தான் அணைக்கும், உள்ளே நடக்கும் வினை நிற்காது. நிமிடங்கள் கழித்துத் திரும்பப் பற்றும். அதிலிருந்து வரும் வெண்புகை எரியக்கூடியது, ஹைட்ரஜன் ஃபுளூரைடும் கலந்த நஞ்சு. கைபேசி, லேப்டாப் அளவென்றால் இணைப்பைத் துண்டித்து எட்ட நின்று நிறைய நீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அதைவிடப் பெரியது என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். வெளியேறும் வழியிலேயே அது எரிந்தால் போக இடமிருக்காது, ஆகவே சார்ஜ் போடும் இடம் வழியிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

சர்வர் அறையில் தானியங்கி வாயு அமைப்பு இருந்தால், எச்சரிக்கை ஒலிப்பதற்கும் வாயு பாய்வதற்கும் நடுவில் வழக்கமாக 30 நொடி இருக்கும். வெளியேறிக் கதவை மூடுங்கள். அது கார்பன் டை ஆக்சைடு வகை என்றால் உள்ளே நிற்பவர் பிழைக்க மாட்டார். உள்ளே பராமரிப்பு நடக்கும்போது வாயுவின் வால்வைப் பூட்டி வைக்க வேண்டும். புதிதாகக் கேபிள் இழுத்துச் சுவரில் போட்ட ஓட்டையை அடைக்காமல் விட்டால் வாயு அதன் வழியே கசிந்து தீ அணையாமல் போகும்.

தணல்:
டிரில் பற்றி ஒரு கருத்து. முன்னறிவிப்போடு, நல்ல வெயில் நேரத்தில், முன்வாசல் வழியாக மட்டும் நடத்தும் டிரிலில் தெரிவது ஒன்றே: மக்களுக்கு முன்வாசல் தெரியும். அடுத்த முறை முன்வாசலில் "இங்கே தீ" என்று பலகை வைத்து அடையுங்கள். எத்தனை பேர் பலகையைத் தாண்டி வர முயல்கிறார்கள், எத்தனை பேருக்கு மற்ற வழி தெரிகிறது என்று பாருங்கள். முதல் தடவை மட்டும் முன்கூட்டிச் சொல்லலாம். அவசரகால விளக்குகளை மாதம் 30 நொடியும், ஆண்டுக்கொரு முறை முழு 90 நிமிடமும் பேட்டரியில் எரியவிட்டுப் பாருங்கள்.

கணக்கெடுப்பும் உண்டு. வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிடுவது பெரிய இடத்தில் வேலைக்காகாது: ஒப்பந்தத் தொழிலாளர், விருந்தினர், மதியமே வீட்டுக்குப் போனவர் என்று கணக்கு இடிக்கும். பகுதிவாரியாகப் பொறுப்பாளர் வைத்து, வெளியேறும்போதே கழிவறை, கூட்ட அறை, கிடங்கு மூலை பார்த்து, கதவைச் சாத்தி, கூடுமிடத்தில் "என் பகுதி காலி" என்று சொல்வது வேகமானது. பார்க்க முடியாத அறை எது என்றும் சொல்ல வேண்டும். தீயணைப்பு வீரர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது, பொறுப்பாளரும்.

சாளரம்:
கடைசிக் கேள்வி. இரவுப்பணியில் மூன்று பேர்தான் என்றால் இதெல்லாம் எப்படி?

பஞ்சுப்பொதி:
மூன்று பேர் என்றால் வேலையை முன்பே பிரித்து எழுதி ஒட்டுங்கள். ஒருவர் அலாரம் அடித்துத் தீயணைப்புத் துறையை அழைக்கிறார்: முகவரி, எந்த வாசல், எத்தனையாவது மாடி, என்ன எரிகிறது, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா. எதிர்முனை முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இரண்டாமவர் எரிவாயு வால்வையும் மெயின் சுவிட்சையும் போகிற வழியில் எட்டினால் மட்டும் அணைத்துவிட்டு, துப்புரவாளர், காவலர் உட்பட எல்லோரையும் அழைத்துக்கொண்டு இறங்குகிறார். மூன்றாமவர் வெளிக்கேட்டைத் திறந்து, நிறுத்தியிருக்கும் வண்டிகளை விலக்கச் செய்து, சாலையில் நின்று வழிகாட்டுகிறார். சிலிண்டர் எடுப்பது இந்த மூன்று வேலையும் நடந்த பிறகுதான், அதுவும் தணல் சொன்ன நிபந்தனைகள் பொருந்தினால், ஒருவர் பின்னால் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும்.

வெளிக்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் கட்டட வரைபடம் இருக்கட்டும்: வால்வுகள், மெயின் சுவிட்ச், ரசாயனம் வைத்த அறை, நீர்த்தொட்டி, எல்லாம் குறித்தது. பகலில் மேலாளர் வாயால் சொல்வதை இரவில் அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும். அறைகளை மாற்றி அமைத்த அன்றே அதையும் மாற்றுங்கள்.